அஞ்சு மணி நேர விமானம்

இந்த ஊசில கொஞ்சம் நூல் கோத்துக் குடுங்கக்கா, எனக்கு நுழையவே மாட்டேங்குது. பாப்பா சட்டைக்கு ஒரே ஒரு பட்டன்தான், அதுக்கே காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். இல்லக்கா, கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், நெனப்பெல்லாம் அதுலயே இருக்கு. நீங்க மாடிக்குக் குடி வந்ததுலேர்ந்து நான் சிரிச்சதோட சரி. வெளியாளுங்க முன்னாடி எனக்கு வாய் எழும்பாது.

ஏர்போர்ட் கவுன்டர்லதானே இருக்கீங்க? எங்க நாத்தனார் ஊருக்கு, இந்தக் கவர் மேல போட்டிருக்கு பாருங்க, இங்கேர்ந்து விமானத்துல எவ்ளோ நேரம்?

அம்பது நிமிஷமா. ஆமா, எனக்கும் தெரியும்.

மெதுவாப் பேசுங்க, அத்தை உள்ள இருக்காங்க. அவங்களுக்குப் பாம்புக் காது. நான் துணி மடிச்சு வெச்சா பிரிச்சு மறுபடி மடிப்பாங்க. பாப்பாவைக் குளிப்பாட்டினா காதுக்குப் பின்னாடி மோந்து பாப்பாங்க. கழுவின டம்ளரைக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க, நகைக்கடைக்காரர் கணக்கா.

நாத்தனாருக்கு இப்ப ரெட்டைக் குழந்தை. அம்மா இங்கயே வந்து இருந்துடணும்னு தினம் போன். பஸ்ஸுன்னா ராப்பூரா போகணும், அத்தை முட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல மடங்கியிருக்காது. அதான் விமானம். எவ்ளோ நேரமாகும்னு என்னைத்தான் கேட்டாங்க. அஞ்சு மணி நேரம்னுட்டேன்.

சிரிக்காதீங்கக்கா. சட்டுனு வாயில வந்துருச்சு. குறுக்க மலை நிக்குதே, இடிச்சுக்கிட்டா போகும், சுத்தித்தான் போகணும்னேன். நம்பல. சுவத்துல மேப் மாட்டியிருக்குல்ல, அதுல நூல் வெச்சு அளந்து காட்டுன்னாங்க. ஆறு போற வழியெல்லாம் நூலை வளைச்சு வளைச்சு வெச்சேன். ஒரு முழத்துக்கு வந்துச்சு. நூலையே பாத்துக்கிட்டிருந்தாங்க, அப்புறம் சுருட்டி டப்பாவுல வெச்சுட்டாங்க.

கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடலாம்மான்னு நாத்தனார் போன்ல சொன்னா, அத்தை அவகிட்ட, நீ ஆசை காட்டுற, என் மருமகளுக்குத்தான் பொய் சொல்ல வராதுங்கறாங்க. என்னை வெச்சுக்கிட்டே சொல்றாங்கக்கா. நான் தலையைக் குனிஞ்சு வெங்காயம் உரிச்சேன்.

இப்ப நீங்க ஏர்போர்ட்டுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் படியேறும்போது மறிச்சுக் கேக்கப் போறாங்களாம். நீங்களும் அஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா...

அவ்ளோ தொல்லைன்னா அனுப்பி வெச்சுட வேண்டியதுதானேங்கறீங்களா? நல்லாத்தான் இருக்கும். மடிச்ச துணி மடிச்சபடி இருக்கும். இவர் காலைல போனா ராத்திரி வந்து சாப்ட்டுப் படுத்துருவார். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரல. நாள் பூரா எங்கூட வாய் குடுக்கற ஒரே ஆளு அவங்கதான்க்கா. திட்டறதாவே இருக்கட்டும். நான் பயப்படாம திருப்பிப் பேசறதும் அவங்ககிட்ட மட்டுந்தான். அங்க போனா விடமாட்டாங்க, அப்புறம் நான் யார்கூடச் சண்டை போட?

இதோ வரேன் அத்தை. பட்டன்தான் தைக்கிறேன்.

கேட்டீங்களா, ஒரு பட்டனுக்கு அஞ்சு மணி நேரமாடிங்கறாங்க. சிரிக்க வேற செய்றாங்க. ஊசி மலையைச் சுத்திக்கிட்டு வருதான்னு... அக்கா, அப்ப இவங்களுக்கு மொதல்லேர்ந்தே தெரியும்!

வரேன் அத்தை, இருங்க, அக்கா, நீங்க சாயங்காலம் எதுவும் சொல்ல வேணாம்.