அழிக்காமல் புதுப்பித்த அண்ணல் சாதிக் பாஷாவுக்கு

சேர்வராயன் மலைமேல் வாழும் மாந்தர்க்கும், அழையாமல் அரங்கினுள் நுழைந்திருக்கும் மூடுபனிக்கும், முன்வரிசையில் முகமலர்ந்து அமர்ந்திருக்கும் நிர்வாகிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படும் அதிமுக்கியச் செய்தி யாதெனில்: ஒண்டிக்கடை காப்பி விவசாயிகள் சங்கத்தின் கணினிப் பிரிவுக் கண்காணிப்பாளர் இன்று ஓய்வு பெறுகிறார்!

லினக்ஸ் இயங்குதளம் காத்த லட்சியச் செம்மலே! பதிப்புகள் பல கண்டும் பதறாத பண்பாளரே!

தங்கள் பெருமையைப் பாடுகையில், பக்கத்து நாற்காலியில் இத்தனை ஆண்டுகளாய் வயிறெரிந்த உதவியாளர் பென்னியை மறப்பது முறையன்று. தங்களை அவரளவுக்கு உற்றுநோக்கியவர் எவருமிலர். தாங்கள் தேநீர் உறிஞ்சும் ஓசைகூட அவருக்கு அகந்தையாகவே கேட்டது.

புதுப் பதிப்பு வந்தால், இருப்பதன் மேலேயே ஏற்றி, அவரவர் வசதிகள் கலையாமல் காப்பது தங்கள் வழி. அடியோடு அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவது பென்னியின் வழி. தங்கள் வழியில் பழைய குப்பையும் கூடவே குடியேறும் என்பார் பென்னி. உண்மைதான், பாராட்டு மடலிலும் உண்மைக்குக் கொஞ்சம் இடம் உண்டு.

தங்களுக்குப் பின் அந்த நாற்காலி தமக்கே என்று பென்னி நம்பியிருந்த சென்ற மாதம், மேலாளர் புதுப் பதிப்பை ஏற்றச் சொல்லி ஆளுக்கொரு கணினியை ஒப்படைத்தார். பென்னி கோப்புகளை நகலெடுத்தார், அழித்தார், நிறுவினார். மதியத்திற்குள் இயந்திரம் மின்னலாய்ப் பறந்தது. தாங்களோ மேசை மேசையாய்ச் சென்று, "ஏனுங்க, தினமும் எதைத் தொடுறீங்க?" என்று விசாரித்துவிட்டு, அப்புறம்தான் வேலையைத் தொடங்கித் திரையருகே நாளெல்லாம் தவமிருந்தீர்கள்.

மறுநாள் தட்டச்சர் புவனேஸ்வரி பென்னியின் கணினியில் அமர்ந்தார். தாங்கள் எப்போதோ அமைத்துக்கொடுத்த பழைய தட்டச்சு விசைமுறை அதில் இல்லை. அது பென்னி நகலெடுத்த கோப்புகளில் அன்றி, அவர் அழித்த இடத்தில் இருந்தது.

"ஏனுங்க பென்னி, ரசீதுல தலைச்சோலைன்னு ஊர்ப்பேரு அடிச்சா என்னென்னமோ வருதுங்க!"

"புதுசுங்கக்கா. பழகிக்குங்க."

"நான் பழகறதுக்குள்ள மூட்டைல இருக்கற கொட்டையெல்லாம் முளைச்சுருமுங்க."

அவர் எழுந்து தங்கள் கணினிக்கு வந்தார். அவர் பின்னால், ரசீதுக்குக் காத்திருந்த நாகலூர் விவசாயிகள் வரிசையும் வந்தது. அப்போது தாங்கள் உதிர்த்த பெருந்தன்மையை நாங்கள் மறவோம்.

"பென்னி மிஷின்தான் நொம்ப வேகமுங்க. அங்கயே போங்க."

"வேகமா தப்பா அடிச்சு என்னங்க பாய் பண்றது?"

வசவைத் தாங்கியிருப்பார் பென்னி; தங்கள் சிபாரிசைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆளில்லாத அதிவேகக் கணினியின் முன் அமர்ந்து, அந்த நீண்ட வரிசையை மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தார். விசைமுறையைத் தேடிச் சேர்த்து அவர் நிமிர்ந்தபோது, அங்கே வந்து கேட்க ஒருவரும் இல்லை.

ஆயினும் தங்கள் நாற்காலியின் உயரத்தைத் தம் கால்களுக்கேற்ப நேற்றே தாழ்த்தி வைத்துவிட்டார்.

பொறுமையின் பொலிவே! முட்டிவலி முற்றும் நீங்கி, சர்க்கரை சற்றே இறங்கி, சுற்றம் சூழ நூறாண்டு நலமுடன் வாழ்க!

அன்புடன்,
சங்கப் பணியாளர்கள்

பின்குறிப்பு: தங்கள் பணியை இரண்டாண்டு நீட்டித்து இன்று காலை உத்தரவு வந்துவிட்டது; பிரியாணி வெந்துவிட்டபடியால் விழா நடைபெறுகிறது.