கடலைத் தோல்

அப்பா உன்கூட, அம்மா என்கூட, அடுத்த வாரமே பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம்ண்ணா. இப்பத்தாம்மா, இன்டர்வெல்ல பாப்கார்ன் வரிசையில எனக்கு முன்னாடி நின்னு இப்படிப் பேசிக்கிட்டாங்க. என் பொண்ணும் பையனும்தான். நான் பின்னால நின்னதை ரெண்டும் பாக்கல. நழுவி வந்து உன் பக்கத்து சீட்டுல உக்காந்துட்டேன்.

எனக்கு முன் சீட்டுல ஒரு வழுக்கைத் தலை பாதிப் படத்தை மறைச்சுச்சே, அதான் எங்க வீட்டுக்காரர். பாத்ரூம் போனவரை இன்னும் காணோம். நாங்க பேசி மூணு வருஷமாச்சு. அவரோட பொன்மலை ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையெல்லாம் பழைய துணிக்குப் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிட்டேன். சிரிக்காத. நல்ல பக்கெட்டும்மா.

அதுலேர்ந்து பிரதீப் சென்னைலேர்ந்தும் சித்ரா பெங்களூர்லேர்ந்தும் மாசாமாசம் ஸ்ரீரங்கம் வந்து பஞ்சாயத்து பண்றாங்க. அந்த மனுஷனுக்குக் காப்பி வேணுமான்னு கேளும்பேன். அந்தம்மா போட்டா வேணாம்னு சொல்லும்பாரு. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே ரெண்டும் இளைச்சுப் போச்சுங்க. அதான் பாலம் தாண்டி இந்தப் படத்துக்குக் கூட்டியாந்துருக்காங்க. வயசானவங்க சண்டையில புள்ளைங்க படுற பாட்டைப் பாத்தாவது திருந்துவோமாம்.

சமாதானமா? நல்லா கேட்ட போ. முன்னல்லாம் புள்ளைங்க பொங்கலுக்கு வந்தா உண்டு. சட்டைச் சண்டை ரெண்டே நாள்தாம்மா. மூணாம் நாள் ரெண்டும் பதறியடிச்சு வந்து நின்னுச்சா, ராசியானதைச் சொல்லாதடின்னு இவருதான் காதைக் கடிச்சாரு. அப்படியே மூணு வருஷமா நடிச்சு இழுத்துட்டோம். வாசல்ல ஆட்டோ நின்னா அவரு பேப்பரைப் புடிச்சுக்குவாரு, நான் பாத்திரத்தை உருட்டுவேன். மத்த நாளெல்லாம் அவரு தரையில, நான் பின்னால சோபாவுல. கடலை உரிச்சுக் குடுத்துக்கிட்டே டிவி பாப்போம்.

இப்ப உண்மையைச் சொன்னா இதுங்க மறுபடி பொங்கலுக்குத்தான் வரும். சொல்லலைன்னா அவரு சென்னை, நான் பெங்களூரு. அவருக்கு விஷயமே தெரியாது, பாவம்.

உஷ். எல்லாரும் வந்துட்டாங்க. லைட்டையும் அணைச்சுட்டான்.

இதா? கடலைதாம்மா, மெதுவாப் பேசு. தியேட்டர் வாசல்ல பையைத்தானே சோதிச்சான், முந்தானையை எங்க பாத்தான்? மனசு சரியில்லைன்னா என் கை சும்மா இருக்காது.

ஐயையோ. உரிக்கிற சத்தம் கேட்டுருச்சு போல. அங்க பாரு, படத்துலேர்ந்து கண்ணை எடுக்காம, தோளுக்கு மேல கையைப் பின்னால நீட்டுறாரு. வீடுன்னு நெனச்சுட்டாரு மனுஷன். அவரு பக்கத்துல சித்ரா அந்தக் கையையே பாக்குறா. பிரதீப்பும் திரும்பிட்டான்.

இந்தத் தோலைக் கொஞ்சம் புடிம்மா.

ஏங்க, இந்தாங்க.