கால் ஊன்றிய நாற்பது விநாடி

அக்டோபர் 9, வியாழன்.

இன்றைய தவறு: ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் 'கால் ஊன்றிய நேரம்: பூஜ்யம்' என்று எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. நாற்பது விநாடி.

மாலை வகுப்பு மிஸ் நாட்குறிப்பை அன்றைய தவறிலிருந்துதான் தொடங்கச் சொல்லியிருக்கிறார். பெரிதாகத் தேட வேண்டாம், சின்னதாக ஒன்று போதும், எழுத எழுத மற்றது தானாக வரும் என்றார். இதுவரை நான் எழுதியவை: குடையைப் பேருந்தில் விட்டது, மேலாளரின் தேநீரைக் குடித்தது, ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு சாக்ஸ் போட்டது. ஓரத்தில் மிஸ் பென்சிலால் 'உணர்ச்சி போதவில்லை' என்று எழுதிக் கொடுக்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். எந்தத் தராசும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. ஆயிரத்துக்கு மூன்று வரை பிழை இருந்தால் நாங்கள் விட்டுவிடுவோம். ஞாயிறு அன்று நான் சைக்கிள் ஓட்டிய மொத்த நேரம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். அதில் நாற்பது விநாடி என்பது ஆயிரத்துக்கு மூன்றரை. ஆக அரைதான் அதிகம். ஆனாலும் அதிகம் அதிகம்தானே. அதனால் திருத்தி எழுதுகிறேன்.

நான் அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கியிருக்கிறேன். அக்காவின் கணவரை ஊரில் எல்லாரும் 'கிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிளில் ஒரு திருகாணி கூடுதல் கனமாக இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. பாட்டில் மாட்டும் வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றி எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, நகைக்கடைத் தராசைச் சோதிக்கும் மேசையில் வைத்து எடை பார்த்தவர் அவர். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறார். பிரஷ் சைக்கிளில் போகாது என்று நான் சொன்னேன். "பழக்கம் முக்கியம் மச்சான்" என்றார்.

எங்கள் குழு மூன்று பேர் சேர்ந்து பந்தயத்துக்குப் போகும் குழு. ஒருவர் நீந்த வேண்டும், ஒருவர் மலைப்பாதையில் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும், ஒருவர் ஓட வேண்டும். நீந்துவதற்கு நீச்சல்குளத்தில் சீட்டுக் கிழிக்கும் 'மீன்' இருக்கிறான். ஓடுவதற்குத் தபால்காரர்; ஓடுவதில் அவரை விட்டால் ஆளில்லை, ஊர் நாய்கள் எல்லாம் சேர்ந்து தயார் செய்த உடம்பு அது. சைக்கிளுக்கு இரண்டு பேர் இருந்தோம், மாமாவும் நானும். இடம் ஒன்றுதான்.

மாமாவின் நேரம் எப்போதும் மூன்று மணி பதினாறு நிமிடம். என்னுடையது பத்தொன்பது. இதை வீட்டில் தினமும் பேசுவார்கள். "மேட்டுல நீ ஏறுறதப் பாத்தா ஃபிரிட்ஜத் தள்ளிட்டு வர்ற மாதிரியே இருக்குடா மச்சான்" என்று மாமா சாப்பிடும்போது சொல்வார். அக்கா சிரிப்பாள். "உள்ள பால், தயிர் எல்லாம் இருக்குல்ல, மெதுவாத்தான் தள்ளணும்" என்பாள். நானும் சிரிப்பேன். இரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

இடம் யாருக்கு என்று முடிவு செய்யத் தபால்காரர் ஒரு விதி போட்டார். ஞாயிறு காலை இருவரும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். இருபது நிமிடம் முன்பின்னாகக் கிளம்ப வேண்டும். கூட யாரும் வரக்கூடாது, உதவி வாங்கக்கூடாது, வழியில் ஒருமுறை கால் தரையில் பட்டாலும் அந்த ஓட்டம் செல்லாது. முடித்ததும் கைக்கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கால் ஊன்றவில்லை என்பதற்கு மட்டும் அவரவர் வாய்ச்சொல்தான். திங்கட்கிழமை பெயர் கொடுக்கக் கடைசி நாள். இன்னொரு ஞாயிறு கிடையாது.

பாதை முப்பது கிலோமீட்டர் வட்டம். மூன்று சுற்று. முதல் மேட்டுக்கு 'மாடிப்படி' என்று பெயர், இரண்டாவதற்கு 'மாமியார்'. மாமியாரில் ஏறி முடித்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு மேடு தொடங்கும். அதன் உச்சியிலிருந்து மூடிப்போன கல்குவாரி வழியாக இறக்கம். இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு, அதன் வெளிப்பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், சுவர் முடியும் இடத்தில் ஆழமான வடிகால். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வண்டி எதுவும் வராது. அதனால்தான் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம்.

மாமா ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினார். நான் சரியாக ஆறு மணிக்கு.

முதல் சுற்று, ஆறு நாற்பத்தெட்டு. வளைவுக்காக பிரேக் பிடித்தபோது வடிகாலுக்குள் மஞ்சள் தலைக்கவசம் தெரிந்தது. வளைவில் நாம் எங்கே பார்க்கிறோமோ சைக்கிள் அங்கேதான் போகும். மாமாவே எனக்குச் சொல்லித் திட்டியது அது. அதனால் பாதையைப் பார்த்தேன். "மச்சான்!" என்று கூப்பிட்டார். சைக்கிள்காரர்கள் எதிர்ப்பட்டால் கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை உயர்த்திக் காட்டுவது வழக்கம். நான் உயர்த்தினேன். மரியாதைக் குறைவாக நடந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது சுற்றில் மாடிப்படி ஏறும்போது இதைப் பற்றி நிதானமாக யோசித்தேன். அவர் ஓய்வெடுக்கிறார் என்று முதலில் நினைத்தேன். வடிகாலில் யாரும் ஓய்வெடுப்பதில்லை என்பதும் தோன்றியது. நின்றால் என் ஓட்டம் செல்லாது. மாமாவாக இருந்தால் நின்றிருப்பாரா என்று கேட்டுப் பார்த்தேன். நின்றிருப்பார். ஆனால் அவருக்கு மூன்று நிமிடம் கையிருப்பு இருந்தது, எனக்கு இல்லை. ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏழு ஐம்பத்திரண்டு. வளைவை நெருங்கும்போது ஃபோன் அடிக்கும் சத்தம் கேட்டது. அது அவர் சட்டைப் பையிலிருந்து தெறித்துச் சாலை ஓரத்தில், அவர் கைக்கு இரண்டு சாண் தள்ளிக் கிடந்தது. அவர் அதை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றேன்.

இதுதான் அந்த நாற்பது விநாடி.

சைக்கிள் ஷூவுக்கு அடியில் பெடலைக் கவ்வுவதற்கு ஒரு கட்டை இருக்கும். தார்ச்சாலையில் நடந்தால் டக் டக் என்று சத்தம் வரும். ஏழெட்டு அடி நடந்தேன். மாமாவின் முகம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடையதோபோலத் திரும்பியிருந்தது. "கால் மரத்துப் போச்சுடா" என்றார். ஃபோன் திரையில் 'தலைமை எடைபார்ப்பாளர்' என்று வந்தது. அக்காவின் எண்ணை அவர் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். பிறகு தெரிந்தது, பால் வாங்கி வரச் சொல்லத்தான் அக்கா கூப்பிட்டிருக்கிறாள்.

நான் சத்தத்தை அணைத்தேன். ஃபோனைச் சுவருக்கு மேல் வைத்தேன், ஈரத்தில் கிடந்தால் கெட்டுவிடும் என்று. என் பாட்டில் காலியாகியிருந்தது. அவர் பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. குடித்தேன். மிச்சத்தை ஃபோன் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னும் ஒரே சுத்துதான் மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் தனியாக ஒன்றும் இல்லை. நன்றி சொல்லப் போகிறவர்போலத்தான் பார்த்தார். இந்த வாக்கியம் சரியா என்று தெரியவில்லை, ஆனால் வேறு சொல் வரவில்லை.

மூன்றாவது சுற்று என் வாழ்நாளின் சிறந்த சுற்று. மாமியாரில் ஒருமுறைகூட எழுந்து நின்று மிதிக்கவில்லை. எட்டு ஐம்பத்தாறுக்கு வளைவு. மஞ்சள் தலைக்கவசம் அதே இடத்தில் இருந்தது. இந்தமுறை அவர் கூப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு நன்றாக நான் இறங்கியதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

ஒன்பது பன்னிரண்டுக்கு முடித்தேன். கடிகாரத்தின் முதல் திரையைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். நின்ற நேரம் இரண்டாவது திரையில் வரும். அதை யாரும் கேட்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு அக்கா கூப்பிட்டாள். "டேய், உங்க மாமா ஃபோன எடுக்கவே மாட்டேங்குறார்டா. எங்கயாச்சும் பஞ்சராகி ரோட்டத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். போய்ப் பாரு."

"பாக்குறேன்க்கா" என்றேன். ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன், பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது மாமாவின் விதி. பிறகு எதிர்ப்புறமாகப் போனால் பத்து நிமிடம் மிச்சம் என்பதால் அந்த வழியாகப் போனேன். ஒன்பது ஐம்பதுக்கு அவரைக் கண்டுபிடித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். என் சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்தியதும் நான்தான். பத்து நாற்பதுக்கு மருத்துவமனை.

மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். எலும்பு பிரச்சினை இல்லை, முழங்காலுக்குக் கீழே ரத்தம் போகாமல் நின்ற நேரம்தான் பிரச்சினை என்றார். ஒன்றரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமாம். நான் வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்பது பத்துக்குள் வந்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் கூப்பிட்டிருந்தால் எட்டு நாற்பத்திரண்டுக்கு வந்திருப்போம். இருபத்தெட்டு நிமிடம் மிச்சம் இருந்திருக்கும். முதல் சுற்றுக்கான கணக்கைப் போடவில்லை, தேவைப்படவில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மீன் என் முதுகில் தட்டி, "நீ போகலன்னா அந்தாளு அங்கயே முடிஞ்சிருப்பார்டா" என்றான். தபால்காரர் திங்கட்கிழமை என் பெயரைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு ஒரு விஷயம் சொன்னார். "பாவம், அவர் விழுந்த நிமிஷமே எடம் உனக்குன்னு ஆயிடுச்சு. நீ நடந்து வந்திருந்தாக்கூட போதும்."

மூன்று நாளாக இந்த வார்த்தைதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. வடிகாலில் கிடப்பவர் என்னை முந்த முடியாது. ஆறு நாற்பத்தெட்டுக்கே போட்டி முடிந்துவிட்டது. விதிக்காகத்தான் நிற்கவில்லை என்று இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் நின்றேனே. விதியை நாற்பது விநாடி மீறினேனே. அவருக்கு உதவி செய்ய அந்த நேரம் தேவைப்படவே இல்லை. அடித்துக்கொண்டிருந்த ஃபோனை எடுத்து 'அக்கா' என்று சொல்லியிருந்தால் மூன்று விநாடி. சுவருக்கு மேல் ஈரம் படாது என்பது உண்மை. அவர் கை எட்டாது என்பதும் எனக்குத் தெரியும். வைத்துவிட்டு, எட்டுமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எட்டாது என்று தெரிந்தபிறகுதான் சைக்கிளில் ஏறினேன். மூன்றாவது சுற்றில் அவ்வளவு வேகமாக வந்தது இடத்துக்காக இல்லை. வேறு யாராவது அவரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்களோ என்ற பதற்றம். இல்லை, அங்கேயே இருந்தார். அந்த இறக்கத்தில் நான் சிரித்தேன். சாப்பாட்டு மேசையில் சிரிக்கும் சிரிப்பு இல்லை, வேறு.

மிஸ், இதில் உணர்ச்சி போதுமா என்று தெரியவில்லை.

நேற்று மாமாவுக்கு நன்றாக நினைவு திரும்பியது. போர்வை தட்டையாகக் கிடக்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "மச்சான், எத்தன கிலோ கொறஞ்சிருக்கும்? நீதான் தராசுக்காரனாச்சே" என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். நாலு கிலோ இருக்கும் என்று சொன்னேன். அனுமதிக்கப்பட்ட பிழைக்குள்தான் சொன்னேன்.

இன்று மாலை பயிற்சியிலிருந்து சைக்கிள் ஷூவோடேயே மருத்துவமனைக்குப் போனேன். அவர் கண்ணை மூடியபடி அக்காவிடம் சொன்னார்: "யாரோ வந்தாங்க. டக் டக்னு நடந்து வந்தாங்க. என் தண்ணிய எடுத்துக் குடிச்சாங்க."

"மயக்கத்துல ஏதோ கனாக் கண்டிருப்பீங்க. பேசாமப் படுங்க" என்றாள் அக்கா.

அவர் கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. என் ஷூவைப் பார்த்தார்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஏழு மணிக்கு மருத்துவமனை, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு. அக்கா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை மாமாவின் பக்கத்தில் நான் தனியாக இருக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன் தண்ணீர். உதவிக்குக் கூப்பிடும் மணியைக் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.