கன்னத்துச் சிவப்பு

மணிக்கட்டு வலிக்கிறது ஐயா, அதனால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ராடு தூக்கிய காலத்தில் வராத வலி, மவுஸ் பிடித்து வந்தது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

திருச்செங்கோட்டில் கல்யாணப் படம் எடுக்கிற கலைமணி நான்தான். என் வேலை இரண்டு இடத்தில் நடக்கும். கேமராவிலிருந்து வரும் ரா கோப்பு உலையில் போடாத அரிசி மாதிரி. அதைக் கன்வர்ட்டர் என்கிற மென்பொருளில் திறந்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் சரிசெய்வேன். அங்கே என்ன செய்தாலும் மூலக் கோப்பு மாறாது. பரு, வியர்வை, குறுக்கே வந்த தலை என்று இருப்பதை இல்லாமல் ஆக்குவதெல்லாம் போட்டோஷாப்பில். முதலாவது சமையல், இரண்டாவது பொய். தொழில் தெரிந்தவன் இரண்டையும் கலக்க மாட்டான். நான் கலந்ததே இல்லை.

குமாரசாமி மகள் இலக்கியாவின் கல்யாணத்தில், முகூர்த்தப் படத்தில், பெண்ணின் இடது கன்னத்தில் விரல் தடம் இருந்தது. மேக்கப்பையும் மீறித் தெரிந்தது. இந்த மாப்பிள்ளை வேண்டாமென்று மணமகள் அறையில் சொல்லியிருக்கிறாள். அப்பா பதில் சொல்லியிருக்கிறார். ஆல்பத்துக்காக அந்தத் தடத்தைப் போட்டோஷாப்பில் எடுத்தேன். அதைத் தப்பென்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

ஒரு வாரம் கழித்து அவளே கடைக்கு வந்தாள். காலில் செருப்புகூட இல்லை.

"ஏனுங்ண்ணா, எங்கப்பன் அடிச்ச தடம் அந்தப் படத்துல இருக்குமில்லீங்க? கை வெக்காத படமாக் குடுங்க. ஸ்டேஷன்ல ஆதாரம் கேக்கறாங்க. இல்லீன்னா மறுபடி எங்கப்பங்கூடவே அனுப்பி வெச்சிருவாங்க."

"நீ போ சாமி. நானே ஸ்டேஷனுக்கு எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், குமாரசாமி போன் செய்தார். அவருடைய ரிக்கில்தான் நான் ராடு தூக்கினேன். அப்போது நான் வெறும் 'டேய்'. விரலில் ராடு விழுந்து நகம் பிய்ந்த அன்று, "டேய், ரத்தத்த ராடுல தொடைக்காதடா" என்றவர் அவர். இப்போது, "கலைமணி, சாப்டீங்களா?" என்றார். அப்புறம், "புள்ள கடைக்கு வந்துச்சாமா. உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார். அவ்வளவுதான். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வாயிலிருந்து அத்தனை மரியாதை வந்து விழுந்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் கிறுகிறுக்கத்தான் செய்யும்.

ரா கோப்பைத் திறந்தேன். போட்டோஷாப் பக்கமே போகவில்லை, மலைக்கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். கன்வர்ட்டரிலேயே கன்னத்தை மட்டும் வட்டம் போட்டுச் சிவப்பைக் குறைத்தேன், துளி வெளிச்சம் கூட்டினேன். தடத்தை நான் அழிக்கவில்லை. அது தெரியவில்லை, அவ்வளவே. பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன்.

அன்றைக்கு இருந்த அதிகாரி, நீங்கள் இல்லை, "போட்டோஷாப் பண்ணினதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா" என்றேன். அது உண்மை.

"தடம் எங்கம்மா?" என்று அவளிடம் கேட்டார். இலக்கியா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், தனக்கே சந்தேகம் வந்த மாதிரி. முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்த குமாரசாமி அவள் தோளில் கைபோட்டு, "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று அன்பாகத்தான் கூட்டிப்போனார். போகிறபோது என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த மாதம், மாலை போடப் பெரிய படம் வேண்டுமென்று ஆள் அனுப்பினார். கிணற்றில் தவறி விழுந்துவிட்டாளாம். முகூர்த்தப் படத்தையே கொடுத்தேன். பக்கத்திலிருந்த மாப்பிள்ளையை மட்டும் போட்டோஷாப்பில் எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வேண்டாமென்றுதானே அவளும் சொன்னாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பொய்ப்படம் கொடுத்தது நான். தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் மூலக் கோப்பில் கை வைக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த அளவுக்கு நேர்மை உண்டு. இலக்கியாவுக்கு நான் கொடுக்க வேண்டிய கை வைக்காத படம் ஒன்று இன்னும் பாக்கி.