மேகசினைப் பிடிச்ச கை

...ஊராட்சித் தலைவர் அம்மாக்களே, அவங்களுக்குத் துணையா வந்திருக்கிற வீட்டுக்காரங்களே! இவ்வளவு நேரம் சட்டம் பேசினேன். பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துடுச்சு, நானும் பார்த்துட்டுதான் இருக்கேன். சட்டத்தை மூடி வெச்சிடறேன். இப்ப ஒரு சின்னக் கதை. போலீஸ் கதை... பயப்படாதீங்க, யாரையும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்க.

இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு. ஆயுதப்படையில போலீஸ். அவளுக்கு ஒரே ஆசை, பாதுகாப்புப் பிரிவுல சேரணும். பெரிய ஆளுங்களுக்குப் பக்கத்துல துப்பாக்கியோட நிப்பாங்களே, அந்தப் பிரிவு. ஓட்டத்துல பாஸ். கயிறு ஏறுறதுல பாஸ். பாக்கி என்ன? கார்பைன் சுடணும். கார்பைன்னா குட்டைத் துப்பாக்கி, தோள்ல வெச்சு சுடறது. போன தடவை அதுலதான் கோட்டை விட்டுட்டா. இந்தத் தடவையும் விட்டா அவ்வளவுதான். பழையபடி கருவூல வாசல்ல காவல் நிக்க வேண்டியதுதான்.

அவ வீட்டுக்காரர் பேரு சுடலைமுத்து. அவரும் போலீஸ்தான். ஆனா என்ன போலீஸ்? ஜீப் ஓட்டுற போலீஸ்! அவர் சுட்டதைவிட அவர் ஜீப் புகை விட்டதுதான் ஜாஸ்தி. ஆனா பொண்டாட்டி மேல உசுரு. அவ ஜெயிக்கணும்னு வீட்டுலயே பயிற்சி வெச்சாரு. எப்படி? துடைப்பக் கட்டையை எடுத்து, அதுல பக்கவாட்டுல ஒரு தண்ணி பாட்டிலைக் கட்டி... இதான் கார்பைன்!

சிரிக்காதீங்க. நிஜமாவே அந்தப் பழைய கார்பைன் அப்படித்தான் இருக்கும். குண்டு போடுற பெட்டி... மேகசின்னு சொல்வாங்க... அது இடது பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கும். பார்த்தா கைப்பிடி மாதிரியே இருக்கும். இடது கை தானாப் போயி அங்கதான் உக்காரும்.

"ஏட்டி இசக்கி, துப்பாக்கி துள்ளும், கேட்டியா? விட்றாத. இதை இறுக்கிப் பிடி. இன்னும் இறுக்கு!"

தெனம் இதே பாடம். அவளும் பாட்டில் நசுங்குற அளவுக்குப் பிடிச்சுப் பழகிட்டா.

பரீட்சை நாள் வந்துச்சு. மைதானத்துல இசக்கி நிக்கிறா. பின்னால வண்டிகிட்ட சுடலைமுத்து நிக்கிறாரு. அன்னைக்கு ஜீப் ஓட்டுற டூட்டியும் அவருக்குத்தான். இசக்கி குறி பார்த்தா. சுட்டா. டப்... டப்... அப்புறம் சத்தத்தையே காணோம். குண்டு சிக்கிக்கிச்சு! எடுத்து விட்டாங்க. மறுபடியும் சிக்கிக்கிச்சு. வேற துப்பாக்கி குடுத்தாங்க. அதுவும் சிக்கிக்கிச்சு!

பக்கத்துல நின்னவன் ஒருத்தன் சொன்னான்: "பொம்பளைக்குக் கார்பைன் எல்லாம் சரிப்படாதுங்க."

இசக்கிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பரீட்சை நடத்த வந்த இன்ஸ்பெக்டர் ரஹ்மத் நிஷா, அவங்களும் பொம்பளைதான், அதே துப்பாக்கியை வாங்கினாங்க. சுட்டாங்க. கடகடன்னு மொத்தமும் தீர்ந்துச்சு. ஒண்ணுகூடச் சிக்கல.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. நீ கையை எங்க வெச்ச? காட்டு."

காட்டினா. மேகசினை இறுக்கி... கை நரம்பு புடைக்க...

"அது கைப்பிடி இல்லம்மா. குண்டு உள்ள ஏறுற வழி. அதைப் பிடிச்சு இழுத்தா வழி கோணிக்கும், குண்டு எப்படி ஏறும்? கையை முன்னால கொண்டு போ. குழலைச் சுத்தி ஓட்டை போட்ட உறை இருக்கு பாரு, அதை அடியில தாங்கிக்க. ரொம்பவும் முன்னால போகாத, விரல் போயிடும்."

உடனே பின்னாலேர்ந்து ஒரு குரல்: "மேடம், அப்படிப் பிடிச்சா துள்ளும் மேடம்! இசக்கி, விட்றாத! இறுக்கிப் பிடி!"

இசக்கி திரும்பிப் பார்த்தா. என்ன சொன்னா தெரியுமா?

"ஏங்க... கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

கையை மாத்தினா. அடியில தாங்கினா. சுட்டா. துள்ளத்தான் செஞ்சுது, ஆனா அந்தக் கை அடக்கிக்கிச்சு. ஒண்ணுகூடச் சிக்கல. பாஸ்!

அப்புறம் ஜீப்ல திரும்பி வர்றப்ப சுடலைமுத்து கேட்டாராம்: "அப்ப நான் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது தப்பா?" அவ சொன்னா: "பிடிச்சது தப்பில்லங்க. பிடிச்ச இடம்தான் தப்பு."

ஐயாக்களே... இந்தக் கதையை ஏன் சொன்னேன்? துணைக்கை வேண்டாம்னு சொல்லவா? இல்லவே இல்ல. இடது கை இல்லன்னா துப்பாக்கி எங்கயோ பார்க்கும். உங்க துணை கண்டிப்பா வேணும். கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க. வீட்டுல பிள்ளைங்களைப் பாருங்க. ஊர்ல எவனாவது மிரட்டினா பக்கத்துல நில்லுங்க. அதெல்லாம் அடியில தாங்குறது.

ஆனா தலைவர் நம்பருக்குப் போன் பண்ணா நீங்க எடுக்கறீங்களே... தீர்மானத்துல அவங்க கையெழுத்தை நீங்க போடறீங்களே... அவங்க வாயைத் திறந்தா "நான் சொல்றேன் இரு"ங்கறீங்களே... அது என்ன? மேகசினைப் பிடிக்கிறது! அவங்க முடிவு வர்ற வழியையே இறுக்கிப் பிடிக்கிறது. அப்புறம் ஊராட்சி சிக்கிக்கிட்டு நின்னா என்ன சொல்றோம்? "பொம்பளைக்கு நிர்வாகம் வரல." துப்பாக்கியைக் குறை சொல்றோம். கை எங்க இருக்குன்னு ஒருத்தரும் பார்க்கறதில்ல. எனக்குக் கோவம் வர்றது இங்கதான்.

சரி, பேசினது போதும். தேர்தல்ல ஜெயிச்ச தலைவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்க, பார்ப்போம்...

ம்... எல்லாரும் அந்தக் கடைசி வரிசையில எழுந்திருக்காங்க. அப்ப இந்த முன்வரிசையில உக்காந்திருக்கிறது யாரு?

சிரிச்சது போதும் ஐயா. எழுந்திருங்க. அவங்களை முன்னால விடுங்க.