மலைக்குத் திரும்ப வேண்டிய வண்டி

— வண்டியோட பிரேம் இனித் தேறாதுன்னு ஒரே ஒரு வார்த்தை, சம்பந்தியம்மா. அதுக்கு மேல நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க வாயால வந்தா உங்க மகன் மறு பேச்சு பேச மாட்டார்.

— கோதண்டராமன் அண்ணை, முதல் அந்தக் கதிரையில இருங்கோ. மனுகாவில வேலை முடிச்சு, இந்த மழைக்குள்ள மோட்டர்வேயில நிண்டு நிண்டு தகனினியில என்ர பட்டறைக்கு வந்தது இதைக் கேக்கத்தானே?

— போன்ல கேக்குற விஷயமா இது? என் வீட்டுக்காரி மீனாட்சிதான் விரட்டினா. "குணவதி சொன்னா மாப்பிள்ளை கேப்பார், நேர்ல போய்ப் பேசுங்க"ன்னா. எதுக்குச் சொல்றேன்னா, நானும் அசந்துட்டேன்.

— ஆர்தான் அசரேல்லை. எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு நாரி முறிஞ்சுபோச்சு. காலமை ஒரு மீன்பிடிப் போட்டுக்கு அடித்தகடு மாத்தி, பிறகு இந்தச் சாமானைக் குப்புறப் பிரட்டி... தேத்தண்ணி போடவும் ஏலாமல் கிடக்கு. பிளாஸ்கில கொஞ்சம் இருக்கும், ஊத்திக் குடியுங்கோ.

— இதானா அது? மலையில பார்த்தப்போ பெருசாத் தெரிஞ்சுது. பனி ஸ்கூட்டர்.

— ஸ்னோமொபீல். எஞ்சினைக் கழட்டி வைச்சிட்டன், அதுதான் எலும்பும் தோலுமாத் தெரியுது. உங்கட மகளும் என்ர மகனும் தெற்கால மலையில சுற்றுலாக்காரரை ஏத்தி இறக்கிறது இதிலதான். மற்ற வண்டி போன விண்டரோட போச்சு. இனி அவையிட்ட மிச்சம் இது ஒண்டுதான்.

— அதான் சொல்றேன். இதுவும் போச்சுன்னா அந்தத் தொழில் முடிஞ்சுது. ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஆக்லாந்துக்கு வந்துருவாங்க. உங்களுக்கு வேணாமா அது?

— என்னைப் போய்க் கேக்கிறியள். இவர் செத்தாப்பிறகு அந்த வீட்டில நாலு அறை, ஒரு ஆள். ஃபிறிட்ஜ் சத்தம் போட்டாலும் ஆரோ வந்திட்டினம் எண்டு எழும்பிப் பாக்கிறன். எனக்கு வேணாமோ எண்டு கேக்கிறியள்.

— அப்புறம் என்ன தயக்கம்?

— இஞ்ச வாங்கோ. இந்த லைற்றைப் பிடியுங்கோ. இதுதான் வண்டியின்ர முதுகு. சீற்றுக்குக் கீழ வளைச்சு விட்ட அலுமினியத் தகடு. பின்பக்க ஸ்பிரிங்கை இந்த ஓட்டையில வைச்சுத்தான் பூட்டுறது. வண்டி துள்ளி விழேக்க முழுப் பாரமும் வந்து இறங்கிறது இதிலதான். சிவப்பா ஒரு கோடு தெரியுதே?

— வெள்ளை மாவு பூசின இடத்துலயா? தெரியுது. விபூதி மேல குங்குமம் கசிஞ்ச மாதிரி இருக்கு.

— ஓம், அதுதான். சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைச்சுப்போட்டு மேல வெள்ளை மாவு அடிச்சால், வெடிப்புக்குள்ள போன சாயம் வெளிய கசியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். ஒரு விரலளவுக்கு ஓடியிருக்கு.

— விரிசல் இருக்குல்ல? பின்ன என்ன? அதையே சொல்லுங்க. பொய்யே இல்லையே.

— வெடிப்பு இருக்கெண்டது உண்மை, அண்ணை. அதால வண்டி சரி எண்டது பொய், வண்டி செத்துப்போச்சு எண்டதும் பொய். நுனியில ஒரு சின்ன ஓட்டை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. பிறகு உள்ளுக்கும் வெளியவும் தகடு வைச்சு றிவெட் அடிப்பன். கன காலம் ஓடும்.

— தகடு வெச்சா இன்னொரு இடத்துல உடையும்னு நீங்கதானே சொன்னீங்க, போன வாரம் சாப்பிட வந்தப்போ? நான் மறக்கல.

— அது கண்டபடி வைச்சால். தடிச்ச தகட்டை வைச்சு இறுக்கினா அந்த இடம் அசையாது. பாரமெல்லாம் தகடு முடியிற விளிம்பில போய் நிக்கும், அங்க வெடிக்கும். அதுக்குத்தான் மெல்லிசாத் தகடு வெட்டி, மூலையெல்லாம் உருட்டி, வண்டி வளையிற இடத்தில வளையவிட்டு வைக்கிறது. வடிவாச் செய்தால் ஒண்டும் நடவாது, விளங்குதே? அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரிச் சொல்லு எண்டுறியள்.

— மலை மேல போய் உடைஞ்சா? பிள்ளைங்க ரெண்டு பேரும் அந்தக் குளிர்ல விழுந்து கிடந்தா? பழி யாருக்கு?

— எனக்குத்தான். அந்தப் பயம் இருக்கிறபடியால்தான் ஒழுங்காச் செய்வன். அந்தப் பயத்தை எடுத்து எனக்கு முன்னால ஆட்டாதேங்கோ, நீங்கள் வந்தது அதுக்காக இல்லை.

— சரி. ஆமா. அதுக்காக இல்லை. நல்லதுக்குத்தான் கேக்குறேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்வாங்க. நாம ஒரே ஒரு பொய்யில, கல்யாணம் ஆன பிள்ளைங்களை வீட்டுக்கு வரவழைக்கிறோம். எதுக்குச் சொல்றேன்னா, கணக்குப் பார்த்தா இது மலிவுதான்.

— பழமொழிக்கு ஒண்டும் குறைச்சலில்லை. வந்து என்ன செய்வான் அனுஷன்? கூரியர் வான் ஓடுவான். வேற பட்டறையில காட்டி, இது திருத்தேலும் எண்டு அவங்கள் சொன்னா?

— காட்ட மாட்டார். அம்மா பார்த்துச் சொன்னா அதோட விட்டுருவார்.

— அதுதானே என்ர பயம். என்னைச் சந்தேகப்படுற பிள்ளையெண்டால் எப்பவோ சொல்லிப்போட்டிருப்பன்.

— மாப்பிள்ளை கூப்பிட்டா வந்துருவார். எனக்குத் தெரியும். என் பொண்ணுதான் வர மாட்டா. பிடிச்சாப் பிடிச்சதுதான் அவ. பக்குரங்காவுல நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு வேலை இருக்கும்மான்னு சொன்னேன். "ஜன்னலைத் திறந்தா மலை தெரியுமாப்பா"ன்னு கேட்டா. இந்த வண்டி ஓடுற வரைக்கும் அவ அசைய மாட்டா.

— எப்ப சொன்னவ அப்பிடி?

— போன வருஷம். அதுக்கப்புறம் நானும் கேக்கல, அவளும் அந்தப் பேச்சை எடுக்கல.

— சரி, ஒண்டு செய்வம். இப்ப அனுஷனுக்கு எடுக்கிறன். ஸ்பீக்கரில போடுறன். "அம்மா பாத்தவ, சரிவராதாம்" எண்டு நீங்களே சொல்லுங்கோ. நான் வாய் திறக்காமல் பக்கத்தில நிக்கிறன்.

— நானா?

— நீங்கள்தான். இந்தா, அடிக்குது.

— வேணாம். சம்பந்தியம்மா, வைங்க. கட் பண்ணுங்க, ப்ளீஸ்.

— வைச்சிட்டன். இருங்கோ. முகமெல்லாம் வெளிறிப்போச்சு உங்களுக்கு.

— அந்த வண்டியில நானும் போயிருக்கேன், தெரியுமா? ஓட்டினது தாரிணி. நான் பின்னாடி உட்கார்ந்து அவ ஜாக்கெட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, பெருமாளே பெருமாளேன்னு கண்ணை மூடிட்டேன். மேல கொண்டுபோய் நிறுத்திட்டு, என் மூஞ்சியைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. இங்க ஆபீஸ் போயிட்டிருந்த காலத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

— ம்.

— அதைப் பறிக்கத்தான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். வயசானா அறிவு வரும்பாங்க, எனக்கு ஆசைதான் வருது. பொண்ணு பக்கத்துல இல்லாதது கஷ்டமா இருக்கு, சம்பந்தியம்மா. சாயங்காலம் ஆனா நானும் மீனாட்சியும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். அவ்வளவுதான் விஷயம். அதுக்கு அவங்க வண்டி என்ன பண்ணும்?

— நான் மட்டும் என்ன திறமே? இந்த வெடிப்பை ரெண்டாந்தரமும் துடைச்சு, திரும்பச் சாயம் பூசிப் பாத்தனான். இன்னும் கொஞ்சம் நீளமா ஓடியிருக்கக்கூடாதோ எண்டு. ஓடியிருந்தால் பொய் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். பாழாப்போன தகடு, நல்ல தகடாக் கிடக்கு.

— அப்போ செஞ்சுருங்க. நீங்க சொன்ன மாதிரியே, ரெண்டு பக்கமும் வெச்சு, நல்லா செஞ்சுருங்க. மீனாட்சிகிட்ட நான் பேசிக்கிறேன். கொஞ்ச நாள் அழுவா. அப்புறம் நாங்களே கிளம்பிப் போய் அவங்களோட இருந்துட்டு வர்றோம்.

— நிச்சயமாத்தான் சொல்லுறியளோ?

— நிச்சயம்தான். மனசு லேசாயிடுச்சு, நிஜமா. இருங்க, தாரிணிக்கு நானே போன் போட்டுச் சொல்லிடறேன். உன் வண்டி நல்லபடியா மலைக்குத் திரும்பி வருதும்மா, இனிமே அப்பா குறுக்க நிக்க மாட்டேன்னு. எவ்வளவு சந்தோஷப்படுவா, பாருங்க.

— போனை வையுங்கோ, அண்ணை.

— ஏன்? இந்நேரம் வீட்லதான் இருப்பா.

— அதுக்கில்லை. நான் ஒரு ஆளுக்குச் சொல்லுத் தந்திருக்கிறன், ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு. நீங்கள் வந்து இருந்ததில இருந்து அதை விழுங்கிக்கொண்டு நிக்கிறன். ஆனால் உங்களை இந்தச் சந்தோஷத்தோட அவவோட கதைக்க விட என்னால ஏலாது.

— யாருக்குக் குடுத்த வார்த்தை? என்ன சொல்றீங்க?

— தாரிணிக்கு. இண்டைக்கு விடியக்காலமை, அனுஷன் எழும்ப முன்னம் எடுத்தவ. அழுதழுதுதான் கதைச்சவ, அண்ணை: "அத்தை, அந்த வண்டி இனி ஓடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க, நான் கேட்டேன்னு அனுஷனுக்குத் தெரிய வேண்டாம், எனக்கு எங்க வீட்டுக்கு வரணும்."