சிவப்புக் கோட்டுக்கு முன்னால்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் தன் சித்தியிடம் சொன்னாள்: "என் மாமனாரையே ஹெலிகாப்டர்லேர்ந்து இறக்கி விட்டுட்டேன் சித்தி."

"ஐயையோ, ஏன்டி?"

"தொட்டியம் பக்கம் அவங்க ஊர்த் தேருக்கு மேலேர்ந்து பூ தூவணும். நான்தான் ஓட்டினேன். தானும் வரேன்னு ஆசையா ஏறினார். தேர் கிளம்ப லேட்டாகி உச்சி வெயில் வந்துடுச்சு. வெயில் ஏறினா அவ்வளவு பாரம் தூக்காது. ஓராள் உயரம்கூட எழும்பல, எஞ்சின் எவ்வளவு திணறுதுன்னு காட்டற மீட்டர்ல முள் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போயிடுச்சு. அடுத்தது சிவப்புக் கோடு. அதைத் தாண்டவே கூடாது. உடனே தரையில வச்சுட்டு, இறங்குங்க மாமான்னுட்டேன். ஊரே பார்த்துக்கிட்டிருந்தது."

"பூவைக் குறைச்சிருக்கலாமே?"

"பூவுக்குத்தானே சித்தி என்னைக் கூப்பிட்டாங்க!"

திருவானைக்காவல் வந்தது. சித்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இப்போ பேசறாரா, இல்லையா?"

"கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தார். இன்னிக்குக் காபி குடிக்கும்போது அவரே ஆரம்பிச்சார். 'அடுத்த வருஷம் தேரை விடியற்காலையிலேயே கிளப்பச் சொல்றேம்மா, அப்போ குளிர்ச்சியா இருக்கும்ல?'ன்னார்."